தமிழ்நாட்டில் கல்லூரிக் கட்டணம்: யார் செலுத்துவது என்னும் கேள்வியின் வரலாறு

முன்னுரை

1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசு கல்லூரியில் ஓர் இளைஞர் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அங்கே ஒரு பருவத்துக்கான கட்டணம் 32 ரூபாய். ஜவுளிக்கடையில் கணக்கெழுதிவந்த அவருடைய தந்தையின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். அதாவது, ஒரு பருவக் கட்டணம் தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். கணக்கில் மட்டுமே மனம் தோய்ந்திருந்த அந்த மாணவர் மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை நின்றது; அதன்பின் அங்கே படிப்பும் நின்றது. அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வறுமையிலும் வேலை தேடுவதிலும் கழித்தார்.

கல்லூரிக் கட்டணம் உயர்ந்துவிட்டது என்ற பேச்சு இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறது. கட்டணம் ஏழைக்கு எட்டாததாக இருந்தது என்பதோ நூறாண்டுக்கு முந்தைய செய்தி. கல்லூரி நடத்தும் செலவை நால்வர் ஏற்கலாம்: மாணவரின் குடும்பம், கொடையாளர், அரசு, கடன் வழியாக மாணவரின் எதிர்கால வருமானம். இந்த நால்வரில் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது. தமிழ்நாட்டில் அது மாறிய விதத்தை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

ஆங்கிலேயர் காலம்: கட்டணமும் மானியமும்

இந்தியாவின் நவீனக் கல்விமுறைக்கு அடித்தளமிட்ட ஆவணம் 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை ஆகும். அதன் வழியில் 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தனியார் நடத்தும் கல்வி நிலையங்களுக்கு அரசு மானியம் வழங்கும் முறையையும் இவ்வறிக்கையே பரிந்துரைத்தது. மானியம் பெறும் நிலையம் சிறிய அளவிலேனும் மாணவரிடம் கட்டணம் பெறவேண்டும் என்றும் அது கூறியது. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்த வாதம் இன்றும் கேட்கும் வாதமே.

1882இல் அமைந்த ஹண்டர் குழு, உயர்கல்வி நிலையங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து அரசு படிப்படியாக விலகி, தனியாரை ஊக்குவிக்க வேண்டும் என்று கருதியது. எனவே கல்லூரிகளைத் தொடங்கும் பொறுப்பில் பெரும்பங்கு சமய அமைப்புகளிடமும் உள்ளூர்ச் செல்வர்களிடமும் வந்து சேர்ந்தது.

கொடையாளர் காலம்

தமிழகக் கல்லூரிகளின் வரலாற்றில் கொடைக்குத் தனி இடம் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தபோது தம் செல்வத்தைக் கோயில் முதலிய அறப்பணிகளுக்கு விட்டுச் சென்றார். பல ஆண்டுகள் வழக்கில் கிடந்த அந்தச் சொத்தில் எஞ்சிய நிதி, நீதிமன்றத்தின் தலையீட்டால் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் அதைக்கொண்டு சென்னையில் பள்ளி தொடங்கியது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

1929இல் அண்ணாமலைச் செட்டியாரின் 20 லட்சம் ரூபாய்க் கொடையுடன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944இல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரியும், 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியும் அமைந்தன. கோயம்புத்தூரில் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957இலும் தோன்றின.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடையாளர் தந்தது பெரும்பாலும் நிலம், கட்டடம், தொடக்க நிதி ஆகியவை. ஆண்டுதோறும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க அது போதாது. அந்தச் செலவைக் கட்டணமும் அரசு மானியமும் பகிர்ந்துகொண்டன. விடுதலைக்குப் பின் மானியத்தின் பங்கு பெருகியது. கட்டணத்தின் பங்கு சுருங்கியது. இவ்வாறு அரசின் சம்பள மானியத்தில் இயங்கும் தனியார் கல்லூரிகளையே 'அரசு உதவிபெறும் கல்லூரிகள்' என்கிறோம்.

இதே காலத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்கான உதவித்தொகையும் வேர்பிடித்தது. பட்டியல் சாதி மாணவர்க்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கி, பின்னர்ப் பழங்குடி மாணவர்க்கும் விரிந்தது. இன்றுவரை தொடரும் கல்வி உதவித் திட்டங்களில் இது மிகப் பழமையான ஒன்று.

1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக் குழு, நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டையே இலக்காக மீண்டும் எழுதியது. ஐம்பதாண்டுக்கு மேலாகியும் இலக்கு இலக்காகவே இருக்கிறது.

சுயநிதிக் கல்லூரிகளின் வரவு

1980களின் தொடக்கத்தில் பள்ளிக்கல்வி பரவியிருந்தது. மேனிலைத் தேர்வில் வென்று வருவோர் தொகை ஆண்டுதோறும் கூடியது. பொறியியல், மருத்துவ இடங்களோ மிகச் சில. புதிய கல்லூரிகளைத் தொடங்க அரசிடம் போதிய நிதி இல்லை. இந்நிலையில் 1984இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, அரசு மானியம் பெறாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது.

'சுயநிதி' என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரி தன் நிதியில் தானே இயங்குவதுபோல அச்சொல் ஒலிக்கிறது. நடைமுறையில் அந்த நிதி பெற்றோர் செலுத்தும் கட்டணமே. அதாவது, அரசும் கொடையாளரும் சுமந்த சுமை ஏறக்குறைய முழுவதுமாகக் குடும்பத்தின் தோளுக்கு மாறியது. இதுவே நம் வரலாற்றில் பெரிய திருப்பம்.

1991இல் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறியது. அடுத்துப் பல்கலைக்கழக நிதி குறித்து ஆராய்ந்த நீதிபதி புன்னையா குழு, பல்கலைக்கழகங்கள் தம் ஆண்டுச் செலவில் முதலில் 15 விழுக்காட்டையும் பத்தாண்டுகளில் 25 விழுக்காட்டையும் தாமே திரட்ட வேண்டும் என்றது. அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவுகள் முளைத்தன. காலையில் அரசு மானியத்தில் ஒரு வகுப்பு, மாலையில் அதே கட்டடத்தில் அதே பட்டத்துக்குப் பல மடங்கு கட்டணத்தில் இன்னொரு வகுப்பு என்ற நிலை இயல்பாகிவிட்டது.

நன்கொடையும் நீதிமன்றமும்

இடங்கள் குறைவாகவும் ஆசை மிகுதியாகவும் இருந்த இடத்தில், அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் பெருந்தொகை கேட்கும் பழக்கம் வளர்ந்தது. கொடையைக் குறித்த 'நன்கொடை' என்ற நல்ல சொல் இதற்கும் பெயராயிற்று. பச்சையப்பர் காலத்தில் நன்கொடை என்பது செல்வர் கல்லூரிக்குத் தந்தது. இப்போதோ பெற்றோர் கடன்பட்டுத் தருவது. இதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தனிச் சட்டம் இயற்றியது. தனியார் தொழிற்கல்லூரிகள் முன்பே பெருகியிருந்த கர்நாடகத்தில் 1984இலேயே இத்தகைய சட்டம் வந்திருந்தது.

கட்டணம் பற்றிய முதற்பெரும் தீர்ப்பும் கர்நாடகத்திலிருந்தே எழுந்தது. 1989இல் கர்நாடக அரசு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு மூன்று வகைக் கட்டணம் வகுத்தது. அரசு இடத்தில் சேர்பவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். மற்றக் கர்நாடக மாணவருக்கு 25,000 ரூபாய். வெளிமாநிலத்தவருக்கு 60,000 ரூபாய். உத்தரப் பிரதேச மாணவி ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1992இல் வழங்கப்பட்ட மோகினி ஜெயின் வழக்குத் தீர்ப்பு, கல்வி வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும், கட்டணத்துக்கு மேல் பெறும் நன்கொடை சட்டத்துக்குப் புறம்பானது என்றும் கூறியது.

அடுத்த ஆண்டே, 1993இல், உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை மறுபடி ஆராய்ந்தது. 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை. அதற்கு மேற்பட்ட கல்வி அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்று அது வரையறுத்தது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்கள் அரசுக் கட்டண அளவில் 'இலவச இடங்கள்', மறுபாதி 'கட்டண இடங்கள்' என்றும் ஒரு திட்டம் வகுத்தது. கட்டண இடத்தில் சேர்பவர் தரும் கூடுதல் பணம் இலவச இடத்தில் சேர்பவரின் செலவை ஈடுகட்டும் என்பது எண்ணம்.

கேட்க நியாயமாகத் தோன்றும் இத்திட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. இலவச இடம் மதிப்பெண் வரிசையில் கிடைத்தது. நகரத்து நல்ல பள்ளியும் தனிப்பயிற்சியும் வாய்த்த பிள்ளைகளே அவ்வரிசையில் முன்னே நின்றார்கள். சிற்றூர்ப் பள்ளியில் படித்து மதிப்பெண் சற்றுக் குறைந்த மாணவர், நிலத்தை அடகுவைத்தேனும் கட்டண இடத்தில் சேர்ந்தார். வசதி குறைந்தவர் வசதி உள்ளவரின் படிப்புச் செலவைச் சுமக்கும் விந்தை நேர்ந்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு இக்குறையைச் சுட்டி அத்திட்டத்தை நீக்கியது. கல்லூரி வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான மிச்சத்தை நிர்வாகம் வைத்துக்கொள்ளலாம். கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடா என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2003இல் வந்த மற்றொரு தீர்ப்பு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டண நிர்ணயக் குழு அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அவ்வாறு அமைந்த குழு 2017இல் பொறியியல் கல்லூரிகளுக்கு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் வருமாறு: அரசு ஒதுக்கீட்டில் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவாயின் 55,000 ரூபாய்; நிர்வாக ஒதுக்கீட்டில் முறையே 85,000, 87,000 ரூபாய்.

அரசு நிறுவனங்களிலும் கட்டணம் உயராமல் இல்லை. 2016இல் ஐ.ஐ.டி.களின் இளநிலைப் படிப்புக்கான ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாயிற்று. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்க்கும், ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தார்க்கும் முழு விலக்கு. 1 முதல் 5 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தார்க்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. உயர்ந்த கட்டணம் வைத்து, இயலாதவருக்குத் தள்ளுபடி தருவது என்பது இம்முறையின் அடிப்படை.

கல்விக் கடன்: எதிர்காலத்தை அடகு வைத்தல்

கட்டணம் உயர்ந்தபோது நான்காவது தோள் தேடப்பட்டது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையின்றிக் கடன் பெற வழி பிறந்தது. 2009-10 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்து மாணவர்க்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்றது.

கடன் பலருக்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் கடன் என்பது, படித்து முடித்ததும் நல்ல ஊதியத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. 2010களில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியபோது, பட்டம் பெற்றும் ஏற்ற வேலை கிடைக்காதோர் பெருகினர். வேலை தாமதமாகலாம்; வட்டி தாமதமாவதில்லை.

அரசு மீண்டும் தோள்கொடுத்தல்

தமிழ்நாடு தனிச்சிறப்புப் பெறுவது இக்கட்டத்தில்தான். 1997-98இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007-08 முதல் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. 2010இல், குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால், அவருடைய கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் 'முதல் பட்டதாரிச் சான்றிதழ்' என்று எல்லாரும் அறிந்தது இதுவே.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் இயற்றப்பட்டது. 2021இல் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. இவ்வொதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாளும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின.

இவற்றுள் ஓர் ஒழுங்கைக் காணலாம். 1993ஆம் ஆண்டுத் திட்டம் 'மதிப்பெண் யாருக்கு மிகுதி' என்று மட்டும் பார்த்து உதவியது. பின்வந்த திட்டங்கள் 'எந்த வீட்டிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார்' என்று பார்த்து உதவுகின்றன. கேள்வி மாறியதால் உதவி போய்ச்சேரும் வீடும் மாறியது.

கட்டணம் மட்டுமா செலவு?

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் ஒரு நினைவை இங்கே குறிப்பது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் தம் மகளுடன் என் வீட்டுக்கு வந்தார். "சார், முதல் பட்டதாரின்னா ஃபீஸ் இல்லேங்கறாங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு கேக்கறாங்க?" என்று ஒரு தாளை நீட்டினார். நாங்கள் மூவரும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். கல்விக் கட்டணம் போய்விட்டது. மீதி இருந்தவை தேர்வுக் கட்டணம், ஆய்வகம், புத்தகம், சீருடை, கல்லூரிப் பேருந்து. பேருந்துக் கட்டணமே எல்லாவற்றிலும் பெரிய தொகை.

அப்பெண் பொறியியல் இடத்தை விட்டுவிட்டு, இலவசப் பேருந்துப் பயண அட்டையில் போய்வரக்கூடிய அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள். நன்றாகவே படித்தாள். இருந்தாலும், அவள் தேர்ந்தெடுத்தது பாடத்தையா, பேருந்தையா என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

கட்டணத் தள்ளுபடி என்பது செலவின் ஒரு பகுதியை மட்டுமே தொடுகிறது. படிக்கும் மூன்று, நான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு வராமற்போகும் கூலியும் ஒரு செலவுதான். மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேராகச் சேரும் திட்டங்களின் அருமை இங்கே விளங்கும். உதவித்தொகை கைக்கு வரும் நாளும் முக்கியம். கட்டணம் சேர்க்கையின்போது கேட்கப்படுகிறது. உதவி பின்னரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களைத்தான் கந்துவட்டி நிரப்புகிறது.

யார் செலுத்த வேண்டும்?

இக்கேள்விக்கு இருபக்க வாதங்கள் உண்டு. பட்டம் பெற்றவர் மற்றவரைவிட மிகுதியாகச் சம்பாதிக்கிறார். ஆகவே பயன்பெறுபவரே செலுத்தட்டும் என்பர் ஒரு சாரார். கல்லூரி வாசலையே மிதிக்காத கூலித் தொழிலாளி தரும் மறைமுக வரியில் வசதியான வீட்டுப் பிள்ளை ஏன் இலவசமாகப் படிக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்பர். இது தள்ளத்தக்க கேள்வி அன்று.

மறுசாரார், மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் இல்லாமல் சமூகம் இயங்காது. அவர்களால் பயன்பெறுவது ஊர் முழுவதுமே. படித்தவர் பின்னாளில் வருமான வரியாகத் திருப்பித் தருகிறார் என்பர். முழுச்செலவையும் மாணவர்மேல் ஏற்றினால், கடனை அடைக்கும் வேகத்தில் அவர் சிற்றூர் மருத்துவமனைக்கோ அரசுப் பள்ளிக்கோ வரமாட்டார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

முடிவுரை

எந்தக் காலத்திலும் கல்லூரியின் முழுச்செலவை ஒருவரே சுமந்ததில்லை. 1904இல் கும்பகோணத்தில் கட்டணமும் அரசுப் பணமும் சேர்ந்தே கல்லூரியை நடத்தின. இன்றும் குடும்பம், அரசு, வங்கி மூன்றும் சேர்ந்தே நடத்துகின்றன. எனவே 'இலவசமா, கட்டணமா' என்று கேட்பதைவிட, 'இயலாதவரின் பங்கை யார் ஏற்கிறார், எப்போது தருகிறார்' என்று கேட்பதே பயன் தரும். இயன்றவர் தம் பங்கைச் செலுத்துவதில் குற்றமில்லை. இயலாதவரின் பங்கை, பேருந்தும் விடுதியும் உட்பட, சேர்க்கை நாளுக்கு முன்பே அரசு ஏற்பதே முறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இராமானுஜனுக்கு உதவித்தொகை நின்றதற்குக் காரணம் அவர் ஆங்கிலத்தில் தவறியது. கணக்கில் அவர் யார் என்பதை அன்றைய விதி கேட்கவில்லை. அவருடைய பெயரை நாம் அறிவோம். ஒரு பருவக் கட்டணத்தால் நின்றுபோன மற்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா.